பேசும் நேரம், பொறுக்கும் நேரம்

திருச்சிக்கு மேற்கே முத்தரசநல்லூரில் காவிரி மணலின் அடியிலிருந்து எடுக்கப்படும் நீர், குழாயில் ஏறிப் புதுக்கோட்டை மாவட்டத்தைக் கடந்து, சிவகங்கை, ராமநாதபுரம் மாவட்டங்களின் ஊர்களுக்குப் போய்ச் சேர்கிறது. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் இந்தக் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2009-இல் பயன்பாட்டுக்கு வந்தது. ஆற்றுக்கும் தெருக்குழாய்க்கும் இடையில் நீரேற்று நிலையங்கள், சம்புகள், மேல்நிலைத் தொட்டிகள் என்று எத்தனையோ நிறுத்தங்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் இருக்கும் மோட்டாருக்குத் தெரியவேண்டியது இரண்டே செய்திகள்: பின்னால் எடுக்கத் தண்ணீர் இருக்கிறதா, முன்னால் நிரப்ப இடம் இருக்கிறதா?

இதை நெடுங்காலம் டேங்க் ஆபரேட்டர்கள்தான் சொல்லிவந்தார்கள். ஏணியேறி எட்டிப் பார்த்துவிட்டு, போன் செய்து “நிரம்பிடுச்சு, நிறுத்துங்க” என்பார்கள். இன்று பல திட்டங்களில் அந்த வேலையைத் தொட்டியடியில் ஓர் இரும்புப் பெட்டி செய்கிறது. நீர்மட்டத்தை அளக்கும் உணரி, அதன் எண்ணைப் படிக்கும் சிறு கணினி, அந்த எண்ணை வானொலி அலையில் ஏற்றி அனுப்பும் ரேடியோ டெர்மினல் மூன்றும் அதற்குள் இருக்கும். உணரியைப் பற்றியும் ஆன்டெனாவைப் பற்றியும் நிறைய எழுதப்பட்டிருக்கிறது. டெர்மினலுக்குள் பதியப்படும் நேர அளவுகளைப் பற்றித்தான் போதிய அளவு எழுதப்படவில்லை. எப்போது பேசுவது, பேசத் தொடங்குமுன் எத்தனை மில்லி விநாடி பொறுப்பது, பதிலுக்கு எவ்வளவு காத்திருப்பது, வராவிட்டால் எத்தனை முறை திரும்பக் கேட்பது என்பவை அந்த அளவுகள். அமைப்பு தேறுவதும் தோற்பதும் பெரும்பாலும் இந்த நான்கைந்து எண்களில்தான் என்பது என் உறுதியான எண்ணம்.

சிக்கலின் வேர் எளிமையானது. ஒரு திட்டத்துக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஓர் அலைவரிசை அல்லது இரண்டு. உரிமம் பெற்ற அலைவரிசைக்கு ஒன்றிய அரசின் வயர்லெஸ் பிரிவுக்கு ஆண்டுதோறும் கட்டணம் கட்ட வேண்டும். 865 மெகாஹெர்ட்ஸ் அருகே உரிமம் வேண்டாத ஒரு பட்டையும் இந்தியாவில் உண்டு. அங்கே கட்டணம் இல்லை, ஆனால் பக்கத்தில் வேறு யார் பேசுவார் என்று சொல்ல முடியாது. எதுவானாலும், ஒரு திட்டத்தில் 40 தொட்டிகள் இருப்பதாகக் கொண்டால், அந்த 40 தொட்டிகளும் ஒரே அலைவரிசையில்தான் பேசியாக வேண்டும். இரண்டு ஒரே நேரத்தில் பேசினால், எல்லாத் தொட்டிகளின் செய்தியையும் கேட்கும் மைய அறைக்குக் கிடைப்பது குழப்பம்.

சில சமயம் அதைவிட மோசமான ஒன்றும் நடக்கும். அதிர்வெண் பண்பேற்ற வானொலியில் இரண்டு அலைகள் மோதும்போது, ஒன்று போதிய அளவு வலுவாக இருந்தால் வலுவானது மட்டும் தெளிவாகக் கேட்கும், மற்றது சுவடே இல்லாமல் மறைந்துவிடும். மைய அறை புதுக்கோட்டை மாவட்டத்தின் அறந்தாங்கியில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஊருக்குள் இருக்கும் தொட்டியும் மணமேல்குடிக் கடற்கரையோரத் தொட்டியும் ஒன்றாகப் பேசினால், ஒவ்வொரு மோதலிலும் ஊர்த்தொட்டிதான் வெல்லும். தூரத்தில் இருப்பவரே எப்போதும் இழப்பார். குழாயின் கடைசியில் இருப்பவருக்குத் தண்ணீரும் கடைசியில்தான் வருகிறது. செய்தியும் அவரிடமிருந்தே தொலைவது பெரிய அநியாயம்.

அறந்தாங்கியிலிருந்து கிழக்கே கடல்வரை தரை ஏறக்குறைய தட்டை. மைய அறையில் 30 மீட்டர் உயரக் கோபுரமும் தொட்டியில் 10 மீட்டர் உயரத்தில் ஆன்டெனாவும் இருந்தால், பூமியின் வளைவைக் கணக்கில் எடுத்தும் சுமார் 35 கிலோமீட்டர் வரை நேர்ப்பார்வை கிடைக்கும். அந்தத் தூரத்தை வானொலி அலை கடக்க ஆகும் நேரம் ஒரு மில்லி விநாடியில் எட்டில் ஒரு பங்குகூட இல்லை. ஆகவே தாமதத்துக்குத் தூரம் காரணமில்லை. தாமதம் முழுவதும் பெட்டிக்குள் பிறக்கிறது.

அது பிறக்கும் முதல் இடம், பேச்சு தொடங்கும் தருணம். ‘அனுப்பு’ என்று கட்டளை போனதும் டெர்மினல் அந்த நொடியே பேசிவிடுவதில்லை. மின்சுற்று வாங்கும் நிலையிலிருந்து அனுப்பும் நிலைக்கு மாற வேண்டும். அதிர்வெண் நிலைபெற வேண்டும். திறன் பெருக்கி முழு வலுவுக்கு ஏற வேண்டும். எதிர்முனையிலும் பெறும் கருவி “யாரோ பேசுகிறார்கள்” என்று உணர்ந்து காதைத் திறக்க வேண்டும். துணைத்தொனி கேட்டால்தான் திறக்கும் ஏற்பாடு இருந்தால், அதற்கே 200 மில்லி விநாடி போகலாம். நடுவில் அலையை வாங்கி மறுபடி அனுப்பும் ரிப்பீட்டர் இருந்தால் அதுவும் இதே படிகளைக் கடக்க வேண்டும். இதற்கெல்லாம் இடம் கொடுத்து, வெறும் அலையை அனுப்பியபடி செய்தியைப் பிடித்து வைத்திருக்கும் நேரம்தான் முன்தாமதம். போலீஸ் வயர்லெஸில் பேசிப் பழகியவர்களுக்கு இது கைவந்த பழக்கம். பொத்தானை அழுத்தி ஒரு கணம் பொறுத்துத்தான் வாய் திறப்பார்கள், இல்லையென்றால் முதல் சொல் அறுபட்டுவிடும்.

இயந்திரப் பேச்சில் முதல் சொல் அறுபட்டால் என்ன ஆகும்? தொழிற்சாலைகளில் இன்றும் மிகப் பரவலாக இருக்கும் மாட்பஸ் என்ற பேச்சு முறையை எடுத்துக்கொள்ளுங்கள். அதை மாடிகான் நிறுவனம் 1979-இல் வெளியிட்டது. அதில் முதல் பைட், யாரை அழைக்கிறோம் என்ற நிலைய எண். முன்தாமதம் குறைவாக இருந்து அந்த ஒரு பைட் அறுபட்டால், மீதிச் செய்தி பிழையின்றி வந்தும் பயனில்லை. தன்னை அழைத்ததாக எந்த நிலையமும் எண்ணாது. மைய அறைத் திரையில் ‘தொடர்பு இல்லை’ என்று வரும். அலைவலு மானியோ முழு வலு காட்டும். இந்த முரணைக் கண்டு குழம்பும் டெக்னீஷியன் கோபுரத்தில் ஏறுவார், ஆன்டெனாவைத் திருப்புவார், கேபிளை மாற்றுவார், கடைசியில் பெட்டியையே மாற்றுவார். முன்தாமதத்தில் 60 மில்லி விநாடி என்று இருந்த எண்ணை 150 ஆக்கியிருந்தால் போதும்.

மாட்பஸுக்கு இன்னொரு நுணுக்கமும் உண்டு. செய்தி முடிந்தது என்று அது அறிவது மௌனத்தைக் கொண்டு. மூன்றரை எழுத்து நேரம் மௌனம் நிலவினால் செய்தி முடிந்ததாகப் பொருள். விநாடிக்கு 9600 பிட் வேகக் கம்பியில் அது வெறும் 4 மில்லி விநாடி. கம்பிக்காக வகுத்த இந்த விதியை அப்படியே வானொலிக்குக் கொண்டுவந்தால் தொல்லை. ரேடியோ மோடம் செய்தியைத் துண்டுதுண்டாக அனுப்பும்போது துண்டுகளுக்கு இடையே 5 மில்லி விநாடி இடைவெளி விழுந்தாலே, ஒரு செய்தி இரண்டு அரைகுறைச் செய்திகளாக உடைந்துவிடும். வானொலி வழிக்கு இந்த மௌன அளவைக் கூட்டியே வைக்க வேண்டும்.

இனி ஒரு முழுச் சுற்றின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மைய அறை 40 நிலையங்களையும் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி அழைத்துக் கேட்கிறது. வேகம் விநாடிக்கு 1200 பிட். கேள்வி 8 பைட், அனுப்ப 73 மில்லி விநாடி. பத்து அளவுகளைத் தாங்கிய பதில் 25 பைட், அதற்கு 229 மில்லி விநாடி. இரு பக்கமும் முன்தாமதம் 150 வீதம் 300. நிலையத்தின் கணினி பதிலைத் தயாரிக்க ஒரு 50. அலை ஓய்ந்து அடுத்த அழைப்புக்குத் தயாராக இன்னொரு 50. மொத்தம் ஏறத்தாழ 700 மில்லி விநாடி. 40 நிலையங்களுக்கு 28 விநாடி. அரை நிமிடத்துக்குள் எல்லாத் தொட்டிகளின் மட்டமும் திரையில் வந்துவிடும். குடிநீர் வேலைக்கு இது தாராளம்.

கூர்ந்து பார்த்தால், அந்த 700-இல் உண்மையான செய்தி 300 மட்டும்தான். மீதி 400 தயார்நிலைக்குப் போகிறது. வேகத்தை எட்டு மடங்காக்கி 9600-க்கு உயர்த்தினாலும், முன்தாமதம் மாறாவிட்டால் ஒரு நிலையத்துக்கு 440 மில்லி விநாடி ஆகும். டெண்டர்களில் வேகத்தை மட்டும் கேட்டு வாங்குவதால் கிடைக்கும் பயன் இவ்வளவுதான்.

அடுத்தது பதிலுக்குக் காத்திருக்கும் நேரம், அதாவது டைம் அவுட். கேள்வி போய் முடிந்தபின் பதில் முழுதாக வந்துசேர மேற்கண்ட கணக்கில் சுமார் 430 மில்லி விநாடி. கொஞ்சம் கூட்டி 800 வைக்கலாம், ரிப்பீட்டர் நடுவில் இருந்தால் 1200. நடைமுறையில் பலரும் ‘பாதுகாப்பாக இருக்கட்டும்’ என்று 3 விநாடி வைத்து, மூன்று முறை கேட்கும்படி அமைத்துவிடுவார்கள். எல்லா நிலையங்களும் பதில் சொல்லும் நாளில் இதனால் எந்தக் குறையும் தெரியாது, ஏனென்றால் டைம் அவுட் வேலை செய்வது பதில் வராதபோதுதான்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யத்துக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையே கரையேறி மேற்கே நகர்ந்தது. அறந்தாங்கி, ஆலங்குடி, கீரமங்கலம் பகுதிகளின் தென்னந்தோப்புகள் சாய்ந்து கிடந்ததைப் புதுக்கோட்டை மாவட்டத்தில் யாரும் மறக்கவில்லை. பல மாவட்டங்களிலும் சேர்த்து லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் விழுந்தன. செல்போன் கோபுரங்கள் அடங்கின. ஊர்கள் பல நாட்கள் இருளில் கிடந்தன. மோட்டாருக்கு மின்சாரம் இல்லாததால் குடிநீருக்கு மக்கள் ஜெனரேட்டரைத் தேடி அலைந்தார்கள்.

நம் கணக்கிலுள்ள 40 நிலையங்களை அப்படியொரு காலையில் நிறுத்திப் பாருங்கள். 25 நிலையங்களில் பேட்டரியும் தீர்ந்துவிட்டது. 15 மட்டும் உயிரோடு இருக்கின்றன. உயிரோடு இருப்பவற்றுக்கு 10 விநாடி. பதில் சொல்லாத ஒவ்வொன்றுக்கும் மூன்று விநாடி வீதம் மூன்று முறை, ஆக 9 விநாடி. அது 25 நிலையங்களுக்கு 225 விநாடி. அரை நிமிடத்தில் முடிந்த சுற்று இப்போது நான்கு நிமிடம் ஆகிறது. ஜெனரேட்டர் வைத்து ஓட்டும் அந்தச் சில மோட்டார்களின் நிலையை அறியவும் நான்கு நிமிடம். சம்பில் தண்ணீர் வற்றி மோட்டார் வெறுமனே சுழன்றால், அதன் சீல் கெட்டுப்போக அவ்வளவு நேரம் தேவையில்லை. எந்த நாளில் தகவல் மிக வேகமாக வேண்டுமோ அந்த நாளில்தான் அமைப்பு மந்தமாகிறது. இறந்தவற்றைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டு, உயிரோடு இருப்பவற்றைக் காக்க வைக்கிறது.

தீர்வு கடினமானதல்ல. டைம் அவுட்டை அளந்து 800 ஆக வைப்பது, மறுமுயற்சியை ஒன்றோடு நிறுத்துவது, தொடர்ந்து மூன்று சுற்று பதில் சொல்லாத நிலையத்தை மெதுவரிசைக்கு நகர்த்திப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மட்டும் கூப்பிடுவது. அதே புயல் காலையில் சுற்று பதினைந்து விநாடிக்குள் முடியும். புதிய கருவி எதுவும் வாங்க வேண்டியதில்லை.

டைம் அவுட்டைக் குறைக்கச் சொன்னதும் மறுகோடிக்குப் போய்விடக் கூடாது. 300 என்று வைத்தால், பதில் வந்துகொண்டிருக்கும்போதே மைய அறை பொறுமை இழந்து திரும்பக் கேட்கும், இரண்டும் மோதும். நுட்பமான ஆபத்து இன்னொன்றும் உண்டு. தொடர்வரிசை மாட்பஸ் செய்தியில் ‘எந்தக் கேள்விக்கு இந்தப் பதில்’ என்று காட்டும் எண் கிடையாது. மைய அறை ஒரு நிலையத்திடம் நீர்மட்டத்தைக் கேட்டு, பதிலுக்குப் பொறுக்காமல், அதே நிலையத்திடம் குழாய் அழுத்தத்தைக் கேட்டால், தாமதமாக வரும் நீர்மட்டம் அழுத்தமாகப் பதியப்படலாம். பிழைச் சோதனையும் இதைப் பிடிக்காது, ஏனென்றால் செய்தியில் பிழை இல்லை. தொடர்பு அறுந்தால் திரையில் சிவப்பு எரியும், ஆள் ஓடுவார். தவறான எண் பச்சை விளக்கோடு வரும். எனக்கு இதுதான் அதிகம் அஞ்ச வேண்டியதாகத் தோன்றுகிறது.

பேச்சுக்கு உச்சவரம்பு விதிக்கும் கடிகாரம் ஒன்றும் டெர்மினலில் உண்டு. ரிலே ஒட்டிக்கொண்டு ஒரு நிலையம் அனுப்பும் நிலையிலேயே சிக்கிவிட்டால், அலைவரிசை முழுவதும் அடைபடும். குறித்த நேரம் கடந்ததும் இந்தக் கடிகாரம் அதன் வாயை மூடும். மனிதர் பேசும் வயர்லெஸ் பெட்டிகளில் இது பெரும்பாலும் ஒரு நிமிடமாக இருக்கும். அரை விநாடிச் செய்திக்கு ஒரு நிமிட வரம்பு எதற்கு? இரண்டு விநாடி போதும்.

இதுவரை பார்த்தது மையம் கேட்க, நிலையம் பதில் சொல்லும் முறை. நிலையமே முந்திக்கொண்டு அழைக்க வேண்டிய தேவைகளும் உண்டு: தொட்டி வழிகிறது, பெட்டியின் கதவை யாரோ திறந்தார்கள், மின்சாரம் திரும்பியது. இந்தக் கடைசி வகையில்தான் பொறி இருக்கிறது. துணைமின்நிலையத்தில் இணைப்பைக் கொடுத்ததும் அந்தத் தடத்திலுள்ள இருபது டெர்மினல்களும் ஒரே நொடியில் விழிக்கின்றன. ஒரே நொடியில் “மின்சாரம் வந்துவிட்டது” என்று கூவுகின்றன, மோதுகின்றன. எல்லாவற்றிலும் ஒரே மறுமுயற்சி நேரம் பதியப்பட்டிருந்தால், ஐந்து விநாடி கழித்து மறுபடி ஒன்றாகக் கூவி மறுபடி மோதும்.

இதற்கான விடை ஹவாய்த் தீவுகளிலிருந்து வந்தது. 1971-இல் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ராம்சனும் அவர் குழுவினரும், தீவுகளில் சிதறிக் கிடந்த டெர்மினல்களை வானொலியால் ஒரு கணினியோடு இணைத்தார்கள். அலோஹா என்று அதற்குப் பெயர். செய்தி இருந்தால் அனுப்பு, பெற்றுக்கொண்டோம் என்ற பதில் வராவிட்டால், முன்கூட்டிச் சொல்ல முடியாத ஒரு நேரம் பொறுத்து மீண்டும் அனுப்பு. அந்த நேரம் ஒவ்வொரு டெர்மினலுக்கும் ஒவ்வொரு முறையும் வேறாக இருப்பதால் மோதல் தானே கலைந்துவிடும். இன்று நம் வீடுகளின் வைஃபை வரை இந்தக் கருத்து வாழ்கிறது. அதற்கு ஒரு விலை உண்டு. இப்படித் தோன்றியபோது பேசும் முறையில், அலைவரிசையின் கொள்ளளவில் அதிகம் போனால் 18 விழுக்காடுதான் பயன்படும். நேரத்தைச் சம துண்டுகளாக வெட்டி, துண்டின் தொடக்கத்தில் மட்டுமே பேசலாம் என்று விதித்தால் அது 37 ஆகும்.

புதுக்கோட்டைக்குப் பக்கத்திலேயே இதற்குச் சான்று உண்டு. வம்பனில் பயறுவகை ஆராய்ச்சி நடக்கும் வேளாண் வளாகத்தில் ஒரு தானியங்கி வானிலை நிலையம் இருக்கிறது. இத்தகைய நிலையங்களைப் பெரிய அளவில் நாடெங்கும் நிறுவ இந்திய வானிலைத் துறை 2006-07 வாக்கில் தொடங்கியபோது, செய்தியைத் தரைவழி அனுப்பவில்லை. கல்பனா-1, இன்சாட்-3ஏ செயற்கைக்கோள்கள் வழியாகப் புனேயிலுள்ள தரை நிலையத்துக்கு அனுப்பியது. நிலையம் பேசும், ஆனால் அதற்குக் காது கிடையாது. தன் செய்தி போய்ச் சேர்ந்ததா என்று அறியவே முடியாது. அதனால் தொடக்க கால நிலையங்கள் தமக்குரிய பத்து நிமிட இடைவெளியில், முன்னறிய முடியாத மூன்று தருணங்களில் அதே செய்தியை மூன்று முறை அனுப்பின. ஒரு முறை மோதிக் கெடும் வாய்ப்பு பத்தில் ஒன்று என்றால், மூன்றும் கெடும் வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்று.

நிலையங்கள் நூற்றுக்கணக்கில் பெருகியபோது இது போதவில்லை. புதியவை முறை வைத்துப் பேசும்படி மாற்றப்பட்டன. கல்லணைக் கால்வாயின் கடைமடையில் தண்ணீர் குறைந்தால் முறைப்பாசனம் வைப்பார்கள். இந்த வாய்க்காலுக்கு இன்று, அடுத்ததற்கு நாளை என்று. அதுபோலவே ஒவ்வொரு நிலையத்துக்கும் மணிக்கு ஒருமுறை தனக்கென்று ஒரு நொடித்துண்டு. அந்தத் துண்டில் அது மட்டுமே பேசும். மோதலே இல்லை, மூன்று முறை சொல்லவும் வேண்டியதில்லை.

முறை நிலைக்க எல்லாருடைய கடிகாரமும் ஒத்திருக்க வேண்டும். சாதாரண குவார்ட்ஸ் படிகம் பத்து லட்சத்தில் இருபது பங்கு பிசகினால் ஒரு நாளைக்கு 1.7 விநாடி. மே மாத வெயிலில் கொதிக்கும் இரும்புப் பெட்டிக்குள் இன்னும் பிசகலாம். துண்டின் நீளம் ஒரு விநாடி என்றால், ஒரே நாளில் அது பக்கத்து நிலையத்தின் முறைக்குள் புகுந்துவிடும். அதனால்தான் இந்த நிலையங்களில் ஜி.பி.எஸ். பெறும் கருவி இருக்கிறது. நிலையம் நகராதது. அதற்கு ஜி.பி.எஸ். எதற்கு என்று கேட்பவர்களுக்கு விடை இதுவே: இடம் அறிய அல்ல, நேரம் அறிய. பாக் நீரிணைக்கு அப்பால் போகும் சரக்குக் கப்பல்களின் தானியங்கி அடையாளக் கருவியும் அப்படியே. ஒரு நிமிடத்தை 2250 துண்டுகளாக வெட்டி, ஜி.பி.எஸ். நேரத்தைப் பிடித்துக்கொண்டு பேசுகிறது.

செயற்கைக்கோள் வழியில் இருபுறமும் பேசும் கருவியானால் தூரத்தை மறக்க முடியாது. புவிநிலைக் கோள் நிலநடுக்கோட்டுக்கு மேலே 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஒரு செய்தி ஏறி இறங்க கால் விநாடி. கேள்விக்கும் பதிலுக்கும் சேர்த்து அரை விநாடி. தரைவழிக்கு அளந்து வைத்த டைம் அவுட்டை அங்கே அப்படியே பதிந்தால் ஒரு பதிலும் உரிய நேரத்தில் வராது.

2021 பிப்ரவரியில் குன்னத்தூரில் அடிக்கல் நாட்டப்பட்ட காவிரி–தெற்கு வெள்ளாறு–வைகை–குண்டாறு இணைப்புக் கால்வாயும் புதுக்கோட்டை மாவட்டத்தைக் கடக்கப் போகிறது. அதன் மதகுகளிலும் இத்தகைய பெட்டிகள் வரலாம். டெண்டர் ஆவணம் தயாரிக்கும் பொறியாளர்களிடம் என் வேண்டுகோள் இது: கருவியின் விலையோடும் வேகத்தோடும் நிற்காமல், முன்தாமதம், டைம் அவுட், மறுமுயற்சி, பேச்சு வரம்பு ஆகியவற்றைத் தொலைவிலுள்ள நிலையத்தில், உச்சி வெயிலில், பேட்டரியில் ஓடும்போது அளந்து பதியும்படி ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். அளந்த எண்களைத் தேதியோடு ஒரு தாளில் எழுதிப் பெட்டிக் கதவின் உட்புறம் ஒட்டச் சொல்லுங்கள். ஒவ்வோர் ஆண்டும் வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன், செப்டம்பரிலேயே ஒரு நாள், பாதி நிலையங்களின் மின்சாரத்தை வேண்டுமென்றே நிறுத்திவிட்டு, மீதிப் பாதியின் செய்தி எத்தனை விநாடியில் திரைக்கு வருகிறது என்று பாருங்கள்.